பிரச்சினையை எழுத உட்காரும் முன், கொண்டுவந்த தீர்வை வாசலில் வைத்துவிடுங்கள்

ஆத்தங்குடிக் கல், அதாவது கையால் வார்க்கும் தரை ஓடு, செய்யும் பட்டறைகளுக்கு ஆப் செய்ய வேண்டும் என்று காரைக்குடியில் ஒரு டீமோடு உட்கார்ந்தேன். பலகையில் நாங்கள் எழுதிய முதல் வரி: 'பட்டறைக்காரர்களுக்கு ஆன்லைன் ஆர்டர் வசதி இல்லை.' இது பிரச்சினையே இல்லை, கையோடு கொண்டுவந்த தீர்வுக்குப் போட்ட முக்காடு.

மக்களின் தேவையிலிருந்து தீர்வைத் தேடும் 'டிசைன் திங்கிங்' முறைக்கு, ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் வடிவமைப்புப் பள்ளியான டி.ஸ்கூல் சொல்லும் ஐந்து படிகளில் பிரச்சினையை வரையறுப்பது இரண்டாவது; மக்களைப் புரிந்துகொள்வதற்கும் யோசனைகளைக் கொட்டுவதற்கும் நடுவில் வருவது. நான் பார்த்த டீம்கள் இதைத்தான் டீ குடிக்கும் நேரத்தில் முடித்துவிடுகின்றன.

முதலில் 'எனக்குத் தெரியலை' என்று சொல்லக் கூச்சப்படாதீர்கள். காதால் கேட்டதை ஒரு நிறச் சீட்டிலும், நாமே ஊகித்ததை இன்னொரு நிறத்திலும் எழுதி ஒட்டுங்கள். எங்கள் பலகை முழுக்க ஊகம்தான். சரி என்று திரும்பவும் பட்டறைக்குப் போனோம். கண்ணாடி மேல் சட்டம், அதற்குள் அச்சு, கட்டம் கட்டமாக வண்ணக் குழம்பை ஊற்றி, கோடு கலையாமல் அச்சைத் தூக்கி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு முடிக்கிறார் பெரியவர். நடுவில் போன் வருகிறது. பேசி வைத்துவிட்டுச் சொன்னார்: "ஆர்டருக்கு என்ன தம்பி குறை? கலரு போட்டோவுல பாத்த மாதிரி இல்லேன்னுதான் சண்டை." தண்ணீர்த் தொட்டியிலிருந்து எடுத்த ஈரக் கல்லை யாரோ படம் பிடித்து அனுப்பியிருக்கிறார்கள்; காய்ந்தால் வெளுக்கும் என்பது வாங்குபவருக்கு எப்படித் தெரியும்?

டொயோட்டா கார் கம்பெனியின் உற்பத்தி முறையை வகுத்த தாயிச்சி ஓனோ, அடிப்படைக் காரணம் தெரிய ஐந்து முறை 'ஏன்' கேட்கச் சொன்னார். நம் ஊரில் ஒரு ஆச்சியிடம் அப்படிக் கேட்டுப் பாருங்கள், மூன்றாவது ஏனிலேயே போலீஸ் விசாரணை ஆகிவிடும். 'அப்புறம் என்னாச்சு?' என்று கேளுங்கள், காரணம் தானாக வரும்.

எழுதும்போது யார், என்ன தேவை, எதனால் என்ற மூன்றும் வர வேண்டும், தேவை வினைச்சொல்லாக இருக்க வேண்டும். 'ஆப் தேவை' என்றால் கதவு மூடிவிட்டது. நாங்கள் கடைசியில் எழுதியது: 'வெளியூரில் வீடு கட்டுபவர், கல் வார்க்கும் முன்பே நிறத்தை உறுதிசெய்துகொள்ள வேண்டியிருக்கிறது, ஏனென்றால் ஈரக் கல்லின் போட்டோ அவரை ஏமாற்றுகிறது.' இந்த வரி டீமில் அதுவரை வாயே திறக்காத பெண் சொன்னது, அதனால் மூத்தவர் கடைசியில் பேசுவது நல்லது. தன் வரியை அடித்தால் முகம் தூக்குபவர் இருந்தால், யார் எழுதியது என்று தெரியாமல் சீட்டுகளைக் கலக்கிவிடுங்கள்.

'செட்டிநாட்டுக் கைத்தொழிலைக் காப்பது எப்படி' என்பது மாநாட்டுத் தலைப்பு, அவ்வளவு அகலம் வேண்டாம். குறுகியும் போகக் கூடாது: அந்த வரியிலிருந்து ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத மூன்று தீர்வாவது வருகிறதா என்று பாருங்கள். எங்களுக்கு வந்தவை காய்ந்த கல் துண்டுகளை ஒட்டிய நிற அட்டை, பார்சலில் ஒரு மாதிரிக் கல், காய்ந்தபின் பகல் வெளிச்சத்தில் மட்டுமே போட்டோ என்ற பட்டறை வழக்கம். ஆப் கேட்டவர் முகம் சுருங்கியது உண்மைதான். பெரியவர் மட்டும் அட்டை எப்போது வரும் என்று கேட்டார்.