துறை அலுவலக இருப்புப் பதிவேட்டைக் கணினிக்கு மாற்றுவது எப்படி?

நான் வேலை பார்த்த ஒரு கல்லூரி அலுவலகத்தில், தேர்வுக்கு முதல் நாள் மாலை ஏ4 தாள் தட்டுப்பாடு வந்தது. பதிவேட்டில் 10 ரீம் (ரீம் என்பது 500 தாள் கொண்ட கட்டு). அலமாரியில் இரண்டே இரண்டு. யாரும் எடுத்துப் போகவில்லை. பெட்டிக்கு 5 ரீம் வீதம் இரண்டு பெட்டி கொடுத்தவர், செலவுப் பத்தியில் வெறுமனே '2' என்று எழுதியிருந்தார்.

அதனால் கணினியைத் திறக்கும் முன் அலமாரியைத் திறந்து, ஒவ்வொரு பொருளுக்கும் ஒரே அலகை முடிவு செய்யுங்கள். எந்த அளவில் கொடுக்கிறோமோ அதுவே அலகு: தாளுக்கு ரீம், கோப்பு அட்டைக்கு எண்ணிக்கை. ஒரு பிரிண்டரின் டோனர் இன்னொன்றில் பொருந்தாது. ஆகவே மாடலுக்கு ஒரு குறியீடு கொடுங்கள். நாற்காலி, மேசை, பிரிண்டர் ஆகியவை இதில் வேண்டாம். அவற்றுக்குத் தனிப் பதிவேடு உண்டு.

அடுத்து, கூகுள் ஷீட்ஸில் மூன்று தாள்கள். 'பொருள்கள்' தாளில் குறியீடு, பெயர், அலகு, குறைந்தபட்ச இருப்பு. 'வரவு செலவு' தாளில் தேதி, குறியீடு, வரவா செலவா, அளவு, பெற்றவர், பில் அல்லது இண்டென்ட் (பொருள் கேட்கும் சீட்டு) எண். குறியீட்டைத் தட்டச்சு செய்ய விடாதீர்கள். பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும்படி 'தரவு சரிபார்ப்பு' வசதியில் அமைத்துவிடுங்கள். இன்று கையிலுள்ள சரக்கை எண்ணி, தொடக்க இருப்பாக, முதல் வரவாகப் பதியுங்கள்.

மூன்றாவது 'இருப்பு' தாள். இங்கே யாரும் கை வைக்கக் கூடாது, பூட்டிவிடுங்கள். ஒவ்வொரு குறியீட்டுக்கும் சம்இஃப்ஸ் (SUMIFS) சூத்திரத்தால் மொத்த வரவைக் கூட்டி, மொத்த செலவைக் கழித்தால் இருப்பு தானே வரும். இருப்பைக் கையால் எழுதும் வழக்கம் ஒழிந்தாலே பாதித் தொல்லை தீரும் என்பது என் அனுபவம்.

குறைந்தபட்ச இருப்பைக் குத்துமதிப்பாகப் போடாதீர்கள். மாதம் 20 ரீம் செலவாகி, சரக்கு வந்து சேர 15 நாள் ஆகுமென்றால் 10 ரீம் கட்டாயம் வேண்டும். தேர்வுக் காலத்துக்காக இன்னும் 5 சேர்த்து 15 என்று வையுங்கள். அதற்குக் கீழே போனால் கட்டம் சிவப்பாகும்படி நிறம் அமைக்கலாம்.

பேராசிரியர்கள் வாய்மொழியாகக் கேட்பதற்குப் பதில் கூகுள் படிவத்தில் கேட்கட்டும். கேட்டது 5, கொடுத்தது 3 என்றால் செலவில் 3 மட்டுமே ஏற வேண்டும்.

தவறான பதிவை அழிக்காதீர்கள். காரணத்துடன், அதே அளவுக்கு எதிர்ப்பதிவு (செலவுக்கு வரவு, வரவுக்குச் செலவு) போடுங்கள். மத்திய அரசின் 2017 பொது நிதி விதிகள் நுகர்பொருள்களை ஆண்டுக்கு ஒருமுறையாவது நேரில் எண்ணிப் பார்க்கச் சொல்கின்றன. மார்ச் 31 அன்று இருவராக எண்ணுங்கள்: ஒருவர் எண்ண, மற்றவர் திரையைப் பார்க்காமல் குறித்துக்கொள்ளட்டும். ஒப்பிடுவது அதன் பிறகுதான்.