தலைதீபாவளிக்குக் கடற்கரைச் சாலையில் நாகப்பட்டினம் வரை

தீபாவளி பெரும்பாலும் ஐப்பசியில் வரும். வடகிழக்குப் பருவமழையும் ஏறக்குறைய அப்போதுதான் தொடங்கும். சென்னையிலிருந்து பாண்டி, கடலூர், சிதம்பரம், காரைக்கால் வழியாக நாகை சுமார் 300 கி.மீ. இந்தப் பயணத்துக்கு கிலோமீட்டர் கணக்கு உதவாது. மழையையும் வெளிச்சத்தையும் வைத்துத்தான் நேரம் குறிக்க வேண்டும்.

முதல் நாள் மாலைக்குள் மாமனார் வீட்டில் இருந்தாக வேண்டும், விடியுமுன் எண்ணெய்க் குளியல் இருக்கிறது. அதற்காக அலுவலகம் முடிந்து ராத்திரியில் கிளம்புபவர்கள்தான் அதிகம். அது வேண்டாம். அமாவாசையை ஒட்டிய இரவு, நிலவு கிடையாது. வயல்வெளி ஈரமாக இருப்பதால் மாடுகள் தாரில் வந்து படுத்திருக்கும். எதிர் வண்டியின் ஹைபீமில் அவை தெரியவே தெரியாது. காலை நாலரைக்குக் கிளம்பினால் கல்பாக்கம் தாண்டும்போது வெளிச்சம் வந்துவிடும். பெருங்களத்தூர், செங்கல்பட்டுப் பக்கத்துத் தீபாவளி நெரிசலும் இல்லை.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே டயரைப் பாருங்கள். பள்ளங்களுக்குள் சிறு மேடுகள் இருக்கும். ரப்பர் தேய்ந்து அவற்றோடு சமமாகிவிட்டால் மிச்சம் 1.6 மி.மீ.தான், சட்டப்படி அதுவே கடைசி எல்லை. மழைக்கு 3 மி.மீ.யாவது வேண்டும். குறைந்தால் தண்ணீர் பள்ளம் வழியாக வெளியேறாமல் டயர் அதன் மேல் மிதக்கும். அப்படி மிதக்கும்போது ஸ்டியரிங் திடீரென லேசாகும். பிரேக்கை மிதிக்காமல், ஸ்டியரிங்கைத் திருப்பாமல், ஆக்ஸிலரேட்டரை மட்டும் விடுங்கள். வைப்பர் கோடு போட்டால் பிளேடை மாற்றுங்கள். கண்ணாடி உள்ளே பனி பூத்தால் ஏசியைப் போட்டு, காற்று உள்ளேயே சுற்றும் பொத்தானை அணைத்துவிடுங்கள்.

மரக்காணம் உப்பளப் பகுதி, கடலூர், சிதம்பரத்தைச் சுற்றிய ஊர்கள் எல்லாம் தாழ்ந்த நிலம். இங்கே பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு: மழை விட்ட பிறகும் வெள்ளம் வரும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 48 செ.மீ. கொட்டியது. ஆனால் சாத்தனூர் அணை நிரம்பித் திறந்த தண்ணீர் தென்பெண்ணை வழியே கடலூரை மூழ்கடித்தது அதற்கும் பிறகுதான். ஆகவே போகிற ஊரின் மழையோடு சாத்தனூர், மேட்டூர் நீர்திறப்புச் செய்தியையும் பாருங்கள். ஆரஞ்சு எச்சரிக்கை என்றால் 12 முதல் 20 செ.மீ. வரை மழை, ஒரு நாள் முன்பே போய்விடுவது நல்லது. சிவப்பு என்றாலோ, புயல் கரையை நெருங்குகிறது என்றாலோ பயணத்தைத் தள்ளிப்போடுங்கள், மாமியார் புரிந்துகொள்வார். கடலோரம் மட்டும் நீர் தேங்கியிருந்தால் விக்கிரவாண்டி, பண்ருட்டி, சேத்தியாத்தோப்பு, கும்பகோணம் வழியாகச் சுற்றிப் போகலாம்.

சாலையில் நீர் நின்றால் முன்னால் போகும் வண்டியின் சக்கரத்தைக் கவனியுங்கள். பாதிச் சக்கரத்துக்கு மேல் என்றால் இறங்கவே கூடாது. உள்ளே இன்ஜின் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். சிலிண்டருக்குள் புகுந்த நீரை அமுக்க முடியாமல் கனெக்டிங் ராடு வளையும், இன்ஜினையே இறக்க வேண்டி வரும். தள்ளி வெளியே கொண்டுவந்து மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

பெட்ரோல் பாண்டியில் விலை குறைவு, பாதி டாங்கோடு கிளம்பி அங்கே நிரப்பலாம். மது பாட்டில் மட்டும் வாங்காதீர்கள், மச்சான் எவ்வளவு கேட்டாலும். பாண்டி எல்லையில் முள்ளோடை, காரைக்கால் எல்லையில் நண்டலாறு, வாஞ்சூர் எனச் சோதனைச் சாவடிகள் உண்டு. பிடிபட்டால் காரையே பறிமுதல் செய்யலாம். பாண்டி ஊருக்குள் அரியாங்குப்பம் தாண்டுவதற்குள் பொறுமை போய்விடும், எட்டரை மணிக்கு முன் கடந்துவிடுங்கள். காலைச் சாப்பாட்டைக் கடலூர் தாண்டி வைத்துக்கொள்ளலாம்.

சீர்காழிக்குத் தெற்கே, திருக்கடையூர், தரங்கம்பாடிப் பக்கம் வெயில் அடித்தால் வேறொரு ஆபத்து: குறுவை நெல். அறுவடை செய்ததைச் சாலையோரம் காயப்போடுவார்கள். நெல்மேல் பிரேக் போட்டால் மணல்மேல் போட்டது போலச் சறுக்கும், இரவில் குவியலைச் சுற்றிக் கல்லும் வைத்திருப்பார்கள். வைக்கோல் மேல் ஏற்றியிருந்தால் நிறுத்தியதும் வண்டிக்கு அடியில் பாருங்கள். சூடான சைலன்ஸர் குழாயில் சிக்கிய வைக்கோல் தீப்பிடிக்கும். பட்டாசை நாகையிலேயே வாங்கிக்கொள்ளுங்கள், டிக்கியில் வேண்டாம்.

ஓட்டாதவர் தூங்கக் கூடாது என்று சட்டமில்லை. ஆனால் மழையில் மேப், செய்தி, எதிரே வரும் மாடு மூன்றையும் பார்ப்பது அவர் வேலை. இருவருக்கும் ஓட்டத் தெரிந்தால் இரண்டு மணிக்கொரு முறை மாறுங்கள்.

திரும்பும்போது டிக்கியில் அரிசி மூட்டை, தேங்காய், பலகாரத் தூக்கு எல்லாம் ஏறும், மறுத்தாலும் ஏறும். ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டிய தாளில் முழுச் சுமைக்கான காற்றழுத்தம் தனியாக இருக்கும். டயர் ஆறியிருக்கும்போது, கிளம்புமுன், பின் சக்கரங்களுக்கு அதை வையுங்கள். பின்பக்கம் அமுங்கினால் ஹெட்லைட் மேலே தூக்கும், ஸ்டியரிங் அருகே உள்ள உயரத் திருகியை ஓரிரு படி இறக்கிவிடுங்கள்.