கார்டெக்ஸ்-எம் சிப்பில் ஆர்டிஓஎஸ் கட்டும்போது எஃப்பியு அமைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எஃப்பியு என்பது தசமப் புள்ளி (ஃப்ளோட்) எண்களைக் கணக்கிடும் சிப்பின் பகுதி. ஆர்டிஓஎஸ் என்பது டாஸ்க் எனப்படும் வேலைகளை மாற்றி மாற்றி நேரத்துக்கு ஓட்டும் சிறு இயங்குதளம். ஜிசிசி கம்பைலரில் ஃப்ளோட்-ஏபிஐக்கு, அதாவது ஃபங்ஷன்களுக்கு இடையே ஃப்ளோட் மதிப்பை அனுப்பும் விதிக்கு, மூன்று மதிப்புகள் உண்டு: சாஃப்ட், சாஃப்ட்எஃப்பி, ஹார்டு. சாஃப்ட் என்றால் எஃப்பியு தொடப்படாது, கணக்கெல்லாம் லைப்ரரி ஃபங்ஷன்களில் நடக்கும். மற்ற இரண்டும் எஃப்பியுவைப் பயன்படுத்தும். ஆனால் சாஃப்ட்எஃப்பி ஃப்ளோட் மதிப்பை ஆர்0 முதலான பொது ரிஜிஸ்டர்களில் அனுப்பும், ஹார்டு எஃப்பியுவின் சொந்த ரிஜிஸ்டர்களில் எஸ்0 முதல் அனுப்பும். வேகத்தை மட்டும் பார்த்து இதைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. கர்னல், டிரைவர்கள், வெளியிலிருந்து வாங்கிய லைப்ரரி என இமேஜில் சேரும் எல்லா ஆப்ஜெக்ட் ஃபைலுக்கும் இது ஒன்றாகவே இருக்க வேண்டும்.

ஹார்டு ஃபைலை மற்ற இரண்டோடு கலந்துவிட்டால், ஃபைல்களை ஒன்றாகச் சேர்க்கும் லிங்கர் பிழை காட்டி நின்றுவிடும். அந்தப் பிழையை ‘நோ-வார்ன்-மிஸ்மேட்ச்’ போட்டு வாயடைப்பதுதான் இருப்பதிலேயே மோசமான தவறு. அழைப்பவர் எஸ்0-ல் வைத்த மதிப்பை, அழைக்கப்பட்டவர் ஆர்0-ல் தேடுவார், கிடைப்பது குப்பை. பிரிண்ட்எஃப்-பில் எண் சரியாக வருகிறதே என்று நம்பிவிடவும் கூடாது. எண்ணிக்கை மாறும் ஆர்குமென்ட் கொண்ட ஃபங்ஷன்களுக்கு ஹார்டிலும் பொது ரிஜிஸ்டர் விதியே பொருந்தும், ஆகவே அந்தச் சோதனை எதையும் நிரூபிக்காது. ‘ரீட்எல்ஃப்’ கருவியில் ஏ ஆப்ஷன் கொடுத்து ஒவ்வொரு ஃபைலின் விஎஃப்பி ஆர்குமென்ட் டேக்கைப் பாருங்கள். சிபியு, எஃப்பியு, ஏபிஐ மூன்று ஃப்ளாக்குகளையும் லிங்க் கட்டளையிலும் திரும்பக் கொடுங்கள். விட்டால் கம்பைலர் வேறு மல்டிலிப்பின் (வேறு ஃப்ளாக்குகளுக்காகக் கட்டிவைத்த தொகுப்பின்) சி லைப்ரரியை எடுத்துக்கொள்ளும்.

அடுத்தது, கோரின் பெயரை மட்டும் பார்த்து எஃப்பியுவை முடிவு செய்வது. எஸ்டிஎம்32எஃப்746, எஃப்767 இரண்டும் கார்டெக்ஸ்-எம்7தான். ஆனால் 746-ல் இருப்பது சிங்கிள் பிரிசிஷன் (32 பிட்) எஃப்பியு, 767-ல் டபுளும் (64 பிட்) உண்டு. 746-க்கு ‘எஃப்பிவி5-டி16’ கொடுத்தால் பில்ட் சுத்தமாக முடியும். முதல் டபுள் கணக்கிலேயே ஃபால்ட் விழும். அதற்கு ‘எஃப்பிவி5-எஸ்பி-டி16’ கொடுக்க வேண்டும்.

ரீசெட்டுக்குப் பின் எஃப்பியு அணைந்தே இருக்கும். எஃப்பியுவுக்கு அனுமதி தரும் சிபிஏசிஆர் ரிஜிஸ்டரில் 20 முதல் 23 வரையிலான பிட்டுகளை 1 ஆக்கி, அந்த மாற்றம் அமலாகும்வரை காத்திருக்க வைக்கும் டிஎஸ்பி, ஐஎஸ்பி இன்ஸ்ட்ரக்ஷன்களைப் போட்ட பிறகே ஃப்ளோட் இன்ஸ்ட்ரக்ஷன் ஓட வேண்டும். ஸ்டார்ட்அப் கோடில் இதை எல்லாவற்றுக்கும் முன்னால் வையுங்கள்.

ஃப்ரீஆர்டிஓஎஸ்-ஸில் எம்4எஃப் (எஃப்பியு உள்ள கார்டெக்ஸ்-எம்4) சிப்புக்கு சிஎம்3 போர்ட்டை (எஃப்பியு இல்லாத கார்டெக்ஸ்-எம்3-க்கான கர்னல் பகுதியை) அப்படியே விட்டுவைப்பது பலநாள் தேட வைக்கும் தவறு. அந்த போர்ட் எஸ்16 முதல் எஸ்31 வரை சேமிக்காது. ஒரு டாஸ்க்கின் மதிப்பை இன்னொன்று அழித்துவிடும், அதுவும் டாஸ்க் மாறும் நேரம் பொருந்தினால் மட்டும். சிஎம்4எஃப் போர்ட்டுக்கு மாறும்போது ஸ்டாக்கையும் கூட்டுங்கள்: இன்டரப்ட் ஃப்ரேம் 32 பைட்டிலிருந்து 104 ஆகும், எஸ்16-எஸ்31-க்கு இன்னும் 64. ஃப்ளோட் தொடும் ஒவ்வொரு டாஸ்க்குக்கும் 136 பைட், அதாவது 34 வேர்டு கூடுதலாகத் தேவை. லேசி ஸ்டாக்கிங் (இடத்தை ஒதுக்கிவிட்டு, ஃப்ளோட் ரிஜிஸ்டர்களைத் தேவைப்பட்டால் மட்டும் எழுதுவது) நேரத்தை மிச்சப்படுத்தும், இடத்தை அல்ல.

எம்4எஃப்-பின் எஃப்பியு சிங்கிள் மட்டுமே, ஆனால் 0.1 என்று எழுதினால் அது டபுள். கணக்கு சத்தமில்லாமல் மென்பொருளுக்குப் போய்விடும். பின்னால் எஃப் சேர்த்து எழுதுங்கள், ‘டபுள்-ப்ரொமோஷன்’ எச்சரிக்கையை இயக்குங்கள். முடிந்த இமேஜில், ஃபங்ஷன் பெயர்களைப் பட்டியலிடும் ‘என்எம்’ கருவியை ஓட்டி ‘ஏயாபி டிமுல்’ தென்படுகிறதா என்று பாருங்கள். இருந்தால் எங்கோ டபுள் பெருக்கல் ஒளிந்திருக்கிறது.

கணக்கு விதிகளைத் தளர்த்தி வேகம் தேடும் ‘ஃபாஸ்ட்-மேத்’ ஆப்ஷனை மொத்த பில்டுக்கும் போடவே போடாதீர்கள். நேன் (‘எண் அல்ல’ என்னும் மதிப்பு) என்பதே வராது என்று கம்பைலர் எடுத்துக்கொண்டு, ‘இஸ்நேன்’ சோதனையை நீக்கிவிடும். சென்சார் பழுதை நேன் வைத்துக் காட்டும் டிரைவர் இருந்தால், அந்தப் பாதுகாப்பு பைனரியிலேயே இருக்காது. வர்க்கமூலம் வேகமாக வேண்டுமென்றால் ‘நோ-மேத்-எர்னோ’ (கணித ஃபங்ஷன்கள் பிழை எண்ணைப் பதிய வேண்டாம் என்னும் ஆப்ஷன்) மட்டும் போதும். ‘ஸ்கொயர்ரூட்-எஃப்’ அழைப்பு எம்4எஃப்-பில் 14 சைக்கிள் எடுக்கும் ஒரே இன்ஸ்ட்ரக்ஷனாகச் சுருங்கும்.