கல்வட்டம் கண்டால்: மண்ணைக் கிளறாமல் பதிவு செய்யும் முறை

சென்னையிலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் செங்கல்பட்டு, மதுராந்தகம் பக்கம் போனால், பயிர் ஏறாத சரளை மேடுகளில் இரும்புக்காலக் கல்வட்டங்கள், அதாவது இறந்தோரைப் புதைத்த இடத்தைச் சுற்றி வட்டமாகக் கற்கள் பதித்த சின்னங்கள், இன்னும் கிடக்கின்றன. புல் காய்ந்த மாசி, பங்குனியில், காலை ஏழு மணிக்குள் போய்ச் சேருங்கள். சாய்வெயிலில்தான் தரையோடு ஒட்டிய கற்குவையின் மேடு நிழல் விழுந்து தெரியும்.

முதலில் அது ஈமச்சின்னம்தானா என்று பாருங்கள். உழவர்கள் வயலில் பொறுக்கிக் கொட்டிய கற்குவியல் மண்ணுக்கு மேலே தளர்வாகக் கிடக்கும். கல்வட்டத்தின் விளிம்புக் கற்களோ பெரியவை, பாதி புதைந்தவை. உள்ளே சிறு கற்கள் நிரவியிருக்கும். சில கற்களை யாரோ பெயர்த்துப் போயிருந்தாலும், மிஞ்சியவற்றின் வளைவே வட்டத்தைக் காட்டிவிடும்.

நடுவில் பலகைக்கல்லின் விளிம்பு தெரிந்தால் அங்கே கல்பதுக்கை, அதாவது பலகைக்கற்களால் ஆன புதைப்பறை, இருக்கலாம். அடியில் ஒரு பலகை, சுற்றி நான்கு, மேலே மூடுகல். நான்கும் மூலையோடு மூலை சேராமல், ஒவ்வொன்றும் ஒரு முனையில் அடுத்ததைத் தாண்டி நீண்டிருப்பது வழக்கம். மேலிருந்து பார்த்தால் சுவஸ்திக வடிவம். வெளிமண் ஒரு பலகையை உள்ளே தள்ளும்போது பக்கத்துப் பலகை முட்டுக் கொடுக்கும். சாந்தே இல்லாமல் ஈராயிரம் ஆண்டுக்கு மேல் நிற்பது இப்படித்தான். ஆகவே "கொஞ்சம் தோண்டித்தான் பார்ப்போமே" என்று கடப்பாரையைத் தொடாதீர்கள். ஒரு பக்க மண் போனால் பலகை சாயும், மூடுகல் உள்ளே இறங்கும், கீழே எலும்பும் கலயமும் நொறுங்கும். எது எதன் மேல் இருந்தது என்பதை அப்புறம் யாராலும் மீட்க முடியாது.

பலகையில் வட்டமாகக் குடைந்த துளை (இடுதுளை) இருந்தால் திசையைக் குறியுங்கள். பல இடங்களில் அது கிழக்கு நோக்கும். அதற்காக அளக்காமலே கிழக்கு என்று எழுதிவிடக் கூடாது. திசைகாட்டியைக் கல்மேல் வைக்காமல் இரண்டடி தள்ளி நின்று பாருங்கள். கல்லில் இரும்பு கலந்திருந்தால் முள் விலகும். காந்த மூடி போட்ட கைப்பேசியும் அப்படியே ஏமாற்றும்.

பதுக்கை தெரியவில்லையா? சோர்ந்துவிடாதீர்கள். இந்த வட்டாரத்தில் பல கல்வட்டங்களுக்குள் இருப்பவை கால்கள் வைத்த சுடுமண் ஈமப்பேழைகள், அதாவது இறந்தோரின் எலும்பை வைத்த பெட்டிகள். 1950-களின் தொடக்கத்தில் மதுராந்தகம் வட்டத்துச் சானூரில் அகழ்ந்தபோது இப்படித்தான் கிடைத்தன. எழும்பூர் அருங்காட்சியகத்தில் பேழை ஒன்றை நன்றாகப் பார்த்துவிட்டுப் போனால், களத்தில் ஒரு கால் உடைசலைக் கண்டாலும் அடையாளம் பிடிபடும்.

அளக்க 30 மீட்டர் டேப், 1 மீட்டர் அளவுகோல், கிராஃப் தாள் போதும். விட்டத்தை வடக்கு-தெற்காகவும் கிழக்கு-மேற்காகவும் இருமுறை, கற்களின் வெளி விளிம்பிலிருந்து அளந்துகொள்ளுங்கள். சரிவில் டேப்பை மட்டமாகப் பிடிக்காவிட்டால் அளவு கூடிவிடும். 1:50 அளவில் வரைந்தால் 10 மீட்டர் வட்டம் 20 செ.மீ. வரும், அதற்குமேல் ஏ3 தாள் வேண்டும். கல்லில் சுண்ணக்கட்டியால் எண் எழுதாதீர்கள், படத்தாளில் எழுதுங்கள்.

கறுப்பு சிவப்புப் பானை ஓடு கண்ணில் பட்டால் அளவுகோலோடு படமெடுத்து அங்கேயே விடுங்கள். வீட்டு அலமாரிக்குப் போன ஓட்டுக்கு ஊர் இல்லை.

கைப்பேசி ஜி.பி.எஸ். சில மீட்டர் பிசகும். நெருங்கிய வட்டங்களைப் பிரித்தறிய, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு டேப் தூரத்தையும் எழுதுங்கள். இடக்குறிப்பைச் சமூக வலைத்தளத்தில் போடாதீர்கள், புதையல் தேடுவோருக்கு அது வழிகாட்டும். வரைபடம், படங்கள், சர்வே எண் மூன்றையும் எழும்பூரில் உள்ள மாநிலத் தொல்லியல் துறைக்குக் கொடுத்து, ஒரு நகலில் ஒப்புதல் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.