விண்டோஸ் அப்டேட்டை நம்ம சொல்ற நேரத்துக்கு மட்டும் ஓட வைக்கிறது எப்படி

"அப்டேட்டை மொத்தமா ஆஃப் பண்றது எப்படி"ன்னுதான் எல்லாரும் கேக்கறாங்க. கோபம் நியாயம்தான், பொண்ணுக்கு ஆன்லைன் டெஸ்ட் ஓடிட்டு இருக்கும்போதோ கடைசி நாள்ல ஒரு அப்ளிகேஷன் ஃபில் பண்ணிட்டு இருக்கும்போதோ லேப்டாப் பாட்டுக்கு ரீஸ்டார்ட் ஆகி சதவீதம் எண்ண ஆரம்பிச்சா யாருக்குத்தான் கடுப்பாகாது. ஆனா மொத்தமா ஆஃப் பண்ணாதீங்க. எப்ப டவுன்லோட் ஆகணும், எப்ப ரீஸ்டார்ட் ஆகணும், எது இப்போதைக்கு வேண்டாம்ங்கறதை நீங்களே முடிவு பண்ற மாதிரி செட் பண்ணிக்கலாம், அதுக்கு தனியா எந்த சாஃப்ட்வேரும் வேண்டாம், வீட்டு கம்ப்யூட்டர்ல சாதாரணமா இருக்கற ஹோம் எடிஷன்லயே முக்காவாசி வேலை முடிஞ்சிடும். கீழ சொல்ற மெனு எல்லாம் விண்டோஸ் 11ல இருக்கற மாதிரி, 10 வச்சிருக்கவங்களுக்கு கடைசில தனியா சொல்றேன்.

முதல்ல ஆஃப் பண்றது ஏன் வேண்டாம்னு சொல்லிடறேன், ஏன்னா நிறைய வீடியோல சர்வீசஸ் லிஸ்ட்டுக்குள்ள போய் விண்டோஸ் அப்டேட்டை டிஸேபிள் பண்ணுங்கன்னு சொல்லிக் குடுக்கறாங்க. அது நிலைக்காது. விண்டோஸ் அப்டேட் மெடிக் சர்வீஸ்னு இன்னொண்ணு உள்ளயே இருக்கு, அதோட வேலையே அப்டேட் சம்பந்தப்பட்டது எது நின்னு போனாலும் திரும்ப சரி பண்ணி ஓட விடறதுதான், அதனால கொஞ்ச நாள்ல பழையபடி ஆயிடும். அப்படியே நின்னாலும் அது நல்லதில்ல. 2017 மே 12ம் தேதி வான்னாக்ரைங்கற ரேன்சம்வேர், அதாவது ஃபைலை பூட்டி வச்சு பணம் கேக்கற வைரஸ், உலகம் பூரா பரவி இங்கிலாந்துல ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர் வரைக்கும் பூட்டிச்சு இல்லையா, அது நுழைஞ்ச ஓட்டையை அடைக்கற பேட்ச் மார்ச் 14ம் தேதியே வந்தாச்சு, கிட்டத்தட்ட ரெண்டு மாசம் முன்னாடி. அந்தப் பேட்ச் போட்டிருந்த மெஷின்ல அந்த ஓட்டை வழியா அது நுழைஞ்சிருக்க முடியாது. வீட்டு கம்ப்யூட்டர்ல குழந்தைங்க போட்டோல இருந்து பேங்க் லாகின் வரைக்கும் இருக்கு, அதை திறந்து போட்டு வைக்காதீங்க.

அதுக்காக வர்றதை எல்லாம் வந்த உடனே போட்டுக்கணும்னும் இல்ல. 2018 அக்டோபர் 2ம் தேதி வந்த விண்டோஸ் 10 பெரிய அப்டேட் சில பேரோட டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் ஃபோல்டர்ல இருந்த ஃபைலையே அழிச்சிடுச்சு, மைக்ரோசாஃப்ட்டே அதை சில நாள்ல நிறுத்தி வச்சு நவம்பர்லதான் திரும்ப விட்டாங்க. அப்போ ஒரு மாசம் பொறுத்தவங்க தப்பிச்சாங்க. அதனால என்னோட கணக்கு சிம்பிள், செக்யூரிட்டி அப்டேட்டுக்கு ஒரு வாரம் டைம், பெரிய வெர்ஷன் அப்டேட்டுக்கு ரெண்டு மூணு மாசம் டைம், நல்லா ஓடிட்டு இருக்கற பிரிண்டர், கிராஃபிக்ஸ், வைஃபை டிரைவரை (அந்த பார்ட்டை விண்டோஸோட பேச வைக்கற சின்ன சாஃப்ட்வேர்) தொடவே வேண்டாம்.

எப்ப வரும்னு தெரிஞ்சுக்கிட்டா பாதி தலைவலி குறையும். மாசாந்திர செக்யூரிட்டி அப்டேட் ஒவ்வொரு மாசமும் ரெண்டாவது செவ்வாய்க்கிழமை அமெரிக்கால காலைல வரும், இந்திய நேரத்துக்கு அது ராத்திரி பத்தரை இல்ல பதினொன்றரை. அதாவது புதன்கிழமை காலைல லேப்டாப்பை திறக்கும்போது நெட் ஸ்லோவா இருந்து ஃபேன் சத்தம் போட்டா காரணம் பெரும்பாலும் இதுதான். காலண்டர்ல அந்த நாளை குறிச்சு வச்சுக்கோங்க, அடுத்த நாள் பசங்களுக்கு எக்ஸாமோ உங்களுக்கு இன்டர்வியூவோ இருந்தா முந்தின நாளே பாஸ் (Pause) பண்ணிடுங்க, அதாவது அப்டேட்டை தற்காலிகமா நிறுத்தி வச்சிடுங்க.

பாஸ் பண்றதுக்கு செட்டிங்ஸ் திறந்து இடது பக்கம் கடைசில விண்டோஸ் அப்டேட்னு இருக்கும் அதுக்குள்ள போங்க, பாஸ் அப்டேட்ஸ்னு இருக்கும், ஒரு வாரத்துல இருந்து அஞ்சு வாரம் வரைக்கும் செலக்ட் பண்ணலாம். முன்னாடி இது ஆபீஸ் வேலைக்குன்னு விக்கற ப்ரோ எடிஷன்லதான் இருந்துச்சு, 2019ல வந்த வெர்ஷன்ல இருந்து ஹோமுக்கும் குடுத்துட்டாங்க. ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க, டைம் முடிஞ்சதும் நிலுவைல இருக்கறதை எல்லாம் போட்டாத்தான் அடுத்த தடவை பாஸ் பண்ண விடும், அதனால அஞ்சு வாரம் முழுசா இழுக்காம நீங்களே ஒரு ஞாயித்துக்கிழமை மதியம் சார்ஜரை மாட்டி வச்சு ஓட விட்டுடுங்க. கரண்ட் அடிக்கடி போற ஏரியான்னா டெஸ்க்டாப்புக்கு யூபிஎஸ் இல்லாம அப்டேட் போடாதீங்க, இன்ஸ்டால் பாதில இருக்கும்போது கரண்ட் போறதுதான் இதுல நிஜமான ஆபத்து.

அதே பக்கத்துல "லேட்டஸ்ட் அப்டேட்ஸ் கிடைச்ச உடனே குடு"ன்னு அர்த்தம் வர்ற ஒரு ஸ்விட்ச் இருக்கும், அது ஆன்ல இருந்தா ஆஃப் பண்ணுங்க, மத்தவங்களுக்கு முன்னாடியே உங்களுக்கு வந்து சேர்றது அதனாலதான். மாசக் கடைசில ப்ரிவ்யூன்னு பேர் போட்டு ஒண்ணு வரும், அது அடுத்த மாச அப்டேட்டோட முன்னோட்டம், நீங்களா கிளிக் பண்ணாத வரைக்கும் இன்ஸ்டால் ஆகாது, விட்டுடுங்க.

நடுவுல ரீஸ்டார்ட் ஆகறதை தடுக்க அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் உள்ள போய் ஆக்டிவ் ஹவர்ஸை, அதாவது தானா ரீஸ்டார்ட் ஆகக் கூடாத நேரத்தை, மேனுவலுக்கு மாத்துங்க. அதிகபட்சம் 18 மணி நேரம் குடுக்கலாம், காலைல ஆறுல இருந்து ராத்திரி பன்னெண்டுன்னு வச்சா வீட்டுல எல்லாரோட டைமும் அடங்கிடும். ரீஸ்டார்ட் தேவைப்பட்டா முன்னாடியே சொல்லுங்கற நோட்டிஃபிகேஷனும் அங்கயே இருக்கு, அதை ஆன் பண்ணிடுங்க. ராத்திரி மூணு மணிக்கு லேப்டாப் தானா முழிச்சுக்குதுன்னா கண்ட்ரோல் பேனல்ல பவர் ஆப்ஷன்ஸ், அதுல உங்க பிளானோட அட்வான்ஸ்டு செட்டிங்ஸ், ஸ்லீப் கீழ வேக் டைமர்ஸ், அதை டிஸேபிள் பண்ணுங்க. ஷட் டவுன் பண்ணும்போதும் கவனமா பாருங்க, "அப்டேட் அண்ட் ஷட் டவுன்" பக்கத்துலயே பெரும்பாலும் வெறும் "ஷட் டவுன்" தனியா இருக்கும், அவசரமா கிளம்பறப்போ அதை அழுத்துங்க.

மொபைல் ஹாட்ஸ்பாட்ல வேலை செய்யறவங்களுக்குத்தான் இது ரொம்ப முக்கியம், ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி பேக்ல இருக்கறவங்க லேப்டாப்பை கனெக்ட் பண்ண கொஞ்ச நேரத்துல டேட்டா காலின்னு மெசேஜ் வந்தா அது அப்டேட்டா இருக்க நிறைய வாய்ப்பு இருக்கு. ஹாட்ஸ்பாட்ல கனெக்ட் ஆகி இருக்கும்போதே செட்டிங்ஸ்ல நெட்வொர்க், வைஃபை, அந்த கனெக்ஷனோட ப்ராப்பர்ட்டீஸ் திறந்து மீட்டர்டு கனெக்ஷனை (இந்த நெட்ல டேட்டா அளவாத்தான் இருக்குன்னு விண்டோஸுக்கு சொல்ற ஸ்விட்ச்) ஆன் பண்ணுங்க, அப்புறம் அந்த நெட்ல பெரும்பாலான அப்டேட் தானா இறங்காது. கூடவே அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்ல மீட்டர்டு கனெக்ஷன்லயும் டவுன்லோட் பண்ணுங்கற ஸ்விட்ச் ஆஃப்ல இருக்கான்னு பாத்துக்கோங்க, ரெண்டும் சேந்தாதான் வேலை நடக்கும். வீட்டு வைஃபைக்கு இதை போட வேண்டாம், இல்லன்னா செக்யூரிட்டி அப்டேட்டும் உள்ள வராம போயிடும்.

அங்கயே டெலிவரி ஆப்டிமைசேஷன்னு ஒண்ணு இருக்கு, அதுல இன்டர்நெட்ல இருக்கற மத்த கம்ப்யூட்டர்னு செலக்ட் ஆகி இருந்தா உங்க டேட்டால இருந்து முகம் தெரியாத யாருக்கோ அப்டேட் போயிட்டு இருக்கும். லோக்கல் நெட்வொர்க் மட்டும்னு மாத்துங்க, வீட்டுல ரெண்டு லேப்டாப் இருந்தா ஒண்ணு இறக்கினதை இன்னொண்ணு எடுத்துக்கும், நல்ல விஷயம். டவுன்லோட் ஸ்பீடுக்கும் அங்க லிமிட் வைக்கலாம்.

டிரைவர் விஷயத்துக்கு வருவோம். ஆப்ஷனல் அப்டேட்ஸ் லிஸ்ட்ல டிரைவர் பேர் இருந்தா டிக் பண்ணாதீங்க, இப்ப எதாவது நிஜமா வேலை செய்யாம இருந்தா மட்டும் எடுங்க. அப்டேட்டுக்கு அப்புறம் பிரிண்டரோ வைஃபையோ படுத்துடுச்சுன்னா டிவைஸ் மேனேஜர்ல அதை ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், டிரைவர் டேப், ரோல் பேக் டிரைவர். ப்ரோ எடிஷன் வச்சிருந்தா குரூப் பாலிசி எடிட்டர்ல (விண்டோஸுக்கு விதி போட்டு வைக்கற டூல்) இன்னும் கெட்டியா பூட்டலாம், விண்டோஸ் அப்டேட்டோட டிரைவரை சேக்காதேன்னு ஒரு பாலிசி, கேட்டுட்டுத்தான் டவுன்லோட் பண்ணணும்னு ஒரு பாலிசி, இந்த வெர்ஷனைத் தாண்டாதேன்னு ஒரு பாலிசி, மூணுமே இருக்கு. ஹோம்ல அந்த எடிட்டர் வராது, அதை வரவைக்கறோம்னு சொல்ற ஸ்கிரிப்டையும் அப்டேட் பிளாக்கர்னு சுத்தற டூலையும் இறக்காதீங்க, யார் எழுதினதுன்னே தெரியாத ஒண்ணுக்கு அட்மின் பர்மிஷன் குடுக்கறது அப்டேட்டை விட மோசம்.

போட்ட அப்புறம் பிரச்சனைன்னா பயப்பட வேண்டாம். மாசாந்திர அப்டேட்டுன்னா அப்டேட் ஹிஸ்டரி, அதுல அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ், மேல இருக்கற புதுசை எடுத்துடுங்க, உடனே பாஸும் பண்ணிடுங்க, இல்லன்னா அதே அப்டேட் திரும்ப வந்து உக்காந்துடும். பெரிய வெர்ஷன் அப்டேட்டுன்னா ரெக்கவரி பக்கத்துல கோ பேக்னு இருக்கும், அதுக்கு 10 நாள்தான் டைம், அதுக்குள்ள இடம் வேணும்னு பழைய விண்டோஸ் இருக்கற விண்டோஸ் டாட் ஓல்டு (Windows.old) ஃபோல்டரை டெலீட் பண்ணீங்கன்னா அந்த வழியும் போச்சு. விண்டோஸே திறக்கலன்னா, லோகோ வரும்போது பவர் பட்டனை அழுத்திப் பிடிச்சு ஆஃப் பண்ணுங்க, ரெண்டு மூணு தடவை இப்படி செஞ்சா ரிப்பேர் ஸ்கிரீன் வரும், அதுல ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ். ஆனா "ஆஃப் பண்ணாதீங்க"ன்னு சதவீதம் காட்டிட்டு இருக்கும்போது இதை செய்யாதீங்க, பழைய ஹார்ட் டிஸ்க் மெஷின்ல ஒரே நம்பர்ல ரொம்ப நேரம் நிக்கறது சகஜம், ரெண்டு மணி நேரமாவது பொறுங்க.

அந்த ரிப்பேர் ஸ்கிரீன் சில புது லேப்டாப்புல பிட்லாக்கர் ரெக்கவரி கீ கேக்கும், அதாவது டிஸ்க்கை பூட்டி வச்சிருக்கற பிட்லாக்கரை திறக்கற 48 இலக்க நம்பர். அது இல்லாம உள்ள இருக்கற ஃபைல் எதையும் எடுக்க முடியாது, தயவு செஞ்சு இன்னைக்கே உங்க மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல லாகின் பண்ணி அந்த கீயை ஒரு நோட்டுல எழுதி வச்சுடுங்க, எழுதினதை ஒரு தடவை சரிபாருங்க. இவ்வளவு சொன்னதுல ஒண்ணே ஒண்ணு செய்வீங்கன்னா இதை செய்யுங்க.

விண்டோஸ் 10 காரங்களுக்கு மெனு கொஞ்சம் மாறும், செட்டிங்ஸ்ல அப்டேட் அண்ட் செக்யூரிட்டி உள்ள போகணும், பாஸ் ஏழு ஏழு நாளா 35 நாள் வரைக்கும் கிடைக்கும். ஆனா உங்களுக்கு பிரச்சனையே வேற, 2025 அக்டோபர் 14ஓட விண்டோஸ் 10க்கு வழக்கமான சப்போர்ட் முடிஞ்சிடுச்சு. அதுக்கப்புறமும் ஒரு வருஷம் செக்யூரிட்டி அப்டேட் வாங்கிக்க தனி என்ரோல்மெண்ட் குடுத்திருக்காங்க, விண்டோஸ் அப்டேட் பக்கத்துலயே லிங்க் காட்டும். செட்டிங்ஸை மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்டுக்கு பேக்கப் பண்ண ஒத்துக்கிட்டா காசு இல்லாமலே சேரலாம். 11க்கு மாறச் சொல்லி முழு ஸ்கிரீன்ல கேட்டா அவசரத்துல பெரிய பட்டனை அழுத்தாம, வேண்டாம்னு சொல்ற சின்ன எழுத்து எங்க இருக்குன்னு தேடிப் பாத்து அழுத்துங்க, வீட்டுல பெரியவங்க அந்த மெஷினை யூஸ் பண்றாங்கன்னா அந்த ஸ்கிரீன் எப்படி இருக்கும்னு அவங்களுக்கு முன்னாடியே ஒரு தடவை காட்டி வைங்க.