பங்குப் பேரவைப் பொறுப்புக்குப் புதிதா? முதலில் சாவிக்கொத்து, பிறகு சப்பரம்

தேவகோட்டை, காரைக்குடிப் பக்கத்துக் கத்தோலிக்கப் பங்குகளில் (ஒரு பங்குத்தந்தையின் பொறுப்பில் உள்ள கோயிலும் அதன் மக்களும்), அவருக்கு ஆலோசனை சொல்லும் பேரவையில் துணைத்தலைவராகவோ செயலராகவோ வந்தவர்கள் முதலில் கை வைப்பது பெரும்பாலும் திருவிழாவில்தான். அதற்கு முன்னால் புத்தகங்களைப் பாருங்கள்.

பொறுப்பு கைமாறும் நாளில் பங்குத்தந்தை, பழைய செயலர், நீங்கள் என மூவரும் உட்கார்ந்து பட்டியல் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், வங்கிப் புத்தகம், தலைக்கட்டு வரி (குடும்பத்துக்கு இவ்வளவு என்று வாங்குவது) பாக்கி, சாவிகள், பாத்திரங்கள், மைக் செட், ஜெனரேட்டர் எல்லாம் அதில் வர வேண்டும். ரசீதுப் புத்தகங்களுக்குத் தொடக்க எண்ணும் கடைசி எண்ணும் குறியுங்கள். ஒரு புத்தகம் யார் வீட்டுப் பரணிலோ தங்கிவிட்டால், அந்த வசூலுக்குப் பின்னால் பதில் சொல்லப்போவது நீங்கள்தான்.

உங்கள் அதிகாரம் எதுவரை? 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பில் 536-ஆம் எண் தெளிவாகச் சொல்கிறது: பேரவைக்குத் தலைவர் பங்குத்தந்தை; பேரவைக்கு உள்ளது ஆலோசனைக் குரல் மட்டும். நிதிக்குழு வேறு, 537-ஆம் எண்படி ஒவ்வொரு பங்கிலும் அது கட்டாயம். அன்பியத்தில் (பக்கத்துப் பக்கத்துக் குடும்பங்கள் கூடும் சிறு குழு) எல்லாரும் கை தூக்கிவிட்டார்கள் என்பதற்காகச் சாமியாரிடம் மல்லுக்கு நிற்பதில் பயனில்லை. பேசவேண்டியதை இரண்டு மூன்று நாள் முன்பே எழுதிக் கொடுத்துவிடுங்கள். அவர் ஏற்காவிட்டால், சொன்ன ஆலோசனையையும் அவர் தந்த பதிலையும் தீர்மானப் புத்தகத்தில் பதியுங்கள். டீக்கடையில் பதிய வேண்டாம்.

உண்டியலைத் தனி ஆளாக எண்ணாதீர்கள், எவ்வளவு நம்பிக்கையான ஆளாக இருந்தாலும். வெவ்வேறு குடும்பத்தைச் சேர்ந்த இருவராவது எண்ணி, எந்த நோட்டு எத்தனை என்று சீட்டில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். அடுத்த வேலைநாளில் முழுத்தொகையும் வங்கிக்குப் போகட்டும். பந்தல்காரருக்கு இதிலிருந்தே கொடுத்துவிடலாம் என்று ஆரம்பித்தால் வரவும் செலவும் கலந்து, கணக்கு ஒருநாளும் நேராகாது. தங்கள் கருத்துக்காகப் பூசை வைக்கச் சொல்லி மக்கள் தரும் பூசைக்கருத்துப் பணத்தை உண்டியலோடு சேர்க்காதீர்கள். கூரைக்கென்று கொடுத்தது கூரைக்குத்தான். அதைத் தேருக்கு மாற்ற அதே சட்டத்தொகுப்பின் 1267-ஆம் எண் இடம் தருவதில்லை.

இந்தச் சீமையில் பலர் சறுக்கும் இடம் வெளிநாட்டுக் காணிக்கை. வளைகுடாவில் வேலை பார்க்கும் இந்தியக் குடிமகன் தன் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர், மலேசியாக் குடியுரிமை வாங்கிய உறவினர் திருவிழாவுக்கு வந்து ரூபாயாகவே கையில் கொடுத்தாலும் அது வெளிநாட்டு நன்கொடை. வெளிநாட்டு நன்கொடையை ஒழுங்குபடுத்தும் எஃப்.சி.ஆர்.ஏ. சட்டப்படி அனுமதி இல்லாமல் வாங்கக் கூடாது. ரசீது எழுதுமுன் குடியுரிமையைக் கேளுங்கள்; சங்கடம்தான், ஆனாலும் கேளுங்கள். ஒருவரிடம் ஒரே நாளில் இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதையும் வருமான வரிச் சட்டம் தடுக்கிறது.

இனி திருவிழா. எந்த நாள் மண்டகப்படி (அன்றைய விழாவை ஏற்று நடத்தும் பொறுப்பு) யாருக்கு, சப்பரம் என்கிற சிறு தேர் எந்தத் தெருவில் திரும்பும், கொடிக்கயிறு யார் வீட்டிலிருந்து வரும் என்பதெல்லாம் பல பங்குகளில் எழுத்தில் இருக்காது. மறைக்கல்வி சொல்லித்தரும் உபதேசியாரையும் ஒவ்வொரு தெருவிலும் ஒரு பெரியவரையும் தனித்தனியாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கூட்டம் போட்டுக் கேட்டால் பழைய வழக்குதான் எழும்பும். முதல் ஆண்டில் எதையும் மாற்றாதீர்கள். ஒரு தெருவை ஒதுக்கிவைக்கும் வழக்கம் கண்ணில் பட்டால் மட்டும் மூடி மறைக்க வேண்டாம். கொடியேற்றத்துக்கு மாதக்கணக்கில் முன்பே பங்குத்தந்தையிடம் கொண்டுபோங்கள். தேருக்கு முந்தின நாள் பேசினால் அது கலகமாகத்தான் முடியும்.

திருவிழா அழைப்புப் பத்திரிகை அச்சுக்குப் போகுமுன் மூன்று பேர் படிக்க வேண்டும். சண்டை வருவது எழுத்துப்பிழையால் அல்ல, விடுபட்ட பெயரால்.

தேர்பவனிக்கும் ஒலிபெருக்கிக்கும் காவல்துறையிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். இரவு 10 முதல் காலை 6 மணிவரை ஒலிபெருக்கிக்குத் தடை உண்டு. பவனி பத்தைத் தாண்டுமானால் பாட்டு வாய்ப்பாட்டாகவே இருக்கட்டும். சப்பரத்தை அலங்கரித்த பிறகு அடியிலிருந்து உச்சிவரை அளந்து, பாதையில் தாழ்ந்து தொங்கும் கம்பிகளோடு ஒப்பிடுங்கள். பூவும் சீரியல் விளக்கும் ஏறியதும் உயரம் கூடிவிடும் என்பதை மறந்துபோகிறார்கள். மின்வாரியத்திடம் தெருவாரியாக நேரம் குறித்து மனு கொடுத்து, மின்சாரம் நிறுத்தப்பட்டது உறுதியான பிறகே கம்பிக்கு அடியில் நகர்த்துங்கள். மூங்கிலால் கம்பியைத் தூக்கிவிட யாரையும் ஏற்றக் கூடாது.

கொடியிறக்கம் முடிந்ததும், பந்தல், மைக், வாணவேடிக்கைப் பாக்கிகளைத் தீர்த்து, வரவு செலவைக் கோயில் பலகையில் ஒட்டுங்கள். தருவதாகச் சொல்லித் தராதவர்களின் பெயர் பலகைக்கு வேண்டாம். அது அன்பியப் பொறுப்பாளர் நேரில் போய்க் கேட்க வேண்டிய பட்டியல்.