டிரெய்லர் டயர் வெடித்ததா? புது டயர் மாட்டும் முன் இதைப் பாருங்கள்

பயண டிரெய்லரில் டயர் வெடித்ததும் பலரும் கிழிந்ததைத் தூக்கிப் போட்டுவிட்டு ஸ்டெப்னியை மாட்டிக் கிளம்பிவிடுகிறார்கள். தயவுசெய்து அந்தப் பழைய டயரைத் தூக்கிப் போடாதீர்கள். ஏன் வெடித்தது என்பது அதில்தான் பதிந்திருக்கும். ஆக்சிலிலோ, அதைத் தாங்கும் ஸ்பிரிங் பட்டையிலோ கோளாறு இருந்தால் புது டயரும் அதே கதிக்கு ஆளாகும்.

தேவையானவை: காற்றழுத்த மானி, டேப், டார்ச், ஒரு பிடி களிமண். சமதரையில், இழுவை வண்டியோடு கோத்த நிலையிலேயே நிறுத்தி, எதிர்ப்பக்கச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை போடுங்கள். ஜாக்கியைச் சேஸிஸுக்குக் கொடுங்கள். ஆக்சில் குழாய்க்குக் கொடுத்தால் அது வளையக்கூடும். ஸ்டாண்டு வைக்காமல் அடியில் போகவே கூடாது.

முதலில் டயர். பக்கச்சுவரைச் சுற்றி வளையமாக உரசல் இருந்து, உள்ளே ரப்பர் தூள் கொட்டினால், காற்று குறைந்த நிலையில் வெகுதூரம் ஓடியிருக்கிறது. டிரெட் (தரையில் படும் பகுதி) பாளமாகப் பிய்ந்து கம்பி தெரிந்தால் சூடு, அதிக எடை, வயது என்று மூன்றையும் சந்தேகிக்கலாம். நடுவில் மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு. உள்ஓரம் மட்டும் தேய்ந்தால் பெரும்பாலும் ஆக்சில் வளைந்திருக்கும், அல்லது பாரம் தாங்காமல் தொய்ந்திருக்கும். பக்கச்சுவரில் தயாரிப்புக் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களையும் படியுங்கள்: 2319 என்றால் 2019-இன் 23-வது வாரம். ஐந்தாறு வருடம் ஆனதை, டிரெட் புதிதுபோல இருந்தாலும் மாற்றிவிடுவதே நல்லது.

இரட்டை ஆக்சில் வண்டியில் பலரும் மறப்பது ஒன்று உண்டு: வெடித்த டயருக்குப் பக்கத்து டயர். வண்டி நிற்கும்வரை அந்தப் பக்கத்துப் பாரத்தின் பெரும்பகுதியைச் சுமந்தது அதுதான். வெளியே காயம் தெரியாவிட்டாலும் கழற்றி உள்பக்கம் பார்க்காமல் நம்பக் கூடாது.

அடுத்து எடை. தண்ணீர், சாமான் எல்லாம் ஏற்றிய நிலையில், முடிந்தால் ஒவ்வொரு சக்கரமாக எடை போடுங்கள். இடமும் வலமும் சமமாக இருப்பது அரிது. எஸ்.டி. (டிரெய்லருக்கென்றே செய்த வகை) 205/75 ஆர் 15, லோடு ரேஞ்சு சி (பாரம் தாங்கும் தரம்) டயர் 50 பிஎஸ்ஐ-யில் 825 கிலோதான் தாங்கும். காற்று குறையக் குறைய அந்தத் தாங்குதிறனும் குறையும். மூன்று மணி நேரமாவது ஓடாமல் நின்ற பிறகே காற்றை அளக்க வேண்டும். 80 பிஎஸ்ஐ டயருக்கு மாறினால் வால்வையும் கவனியுங்கள். சாதாரண ரப்பர் வால்வு 65 பிஎஸ்ஐ வரைக்கும்தான். உலோக வால்வு போடுங்கள். ரிம்மும் அந்த அழுத்தத்தைத் தாங்குமா என்று பாருங்கள்.

இனி இடைவெளி. டிரெட்டில் பளபளவென்று ஒரு கோடு, மட்கார்டுக்குள் கறுப்புத் தடம், உருகிய பிளாஸ்டிக், மழுங்கிய திருகு முனை: இதில் எது தெரிந்தாலும் டயர் மேலே இடிக்கிறது. முழுப் பாரத்தோடு டயர் உச்சியிலிருந்து மேலே மிகத் தாழ்வாக நீட்டிக்கொண்டிருக்கும் பாகம்வரை அளவெடுங்கள். ஆக்சில் தயாரிப்பாளர் வேறு அளவு சொல்லாவிட்டால் 75 மி.மீ. இருப்பது நல்லது. ஓடும்போது எவ்வளவு மிஞ்சுகிறது என்பதற்குக் களிமண் சோதனை. டயருக்கு நேர் மேலே ஒரு உருண்டையை அழுத்தி ஒட்டி, மேடுபள்ளத்தில் மெதுவாக ஓட்டிவிட்டுப் பாருங்கள். நசுங்கி மிஞ்சிய உயரம்தான் உண்மையான இடைவெளி. வழித்துத் துடைத்தாற்போல ஒட்டிய இடமே வெறுமையாக இருந்தால், இடைவெளி இல்லவே இல்லை.

பெரிய டயர் போட்டதாலும் இது வரும். 205-ஐ எடுத்துவிட்டு 225/75 போட்டால் விட்டம் 30 மி.மீ. கூடும், மேலே 15 மி.மீ. குறையும், இரட்டை ஆக்சிலில் இரு டயருக்கும் நடுவே முழு 30 மி.மீ. குறையும்.

டயர் அளவு மாறாமலே இடிக்கிறதா? சேஸிஸுக்கும் ஆக்சிலுக்கும் உள்ள உயரத்தை இரண்டு பக்கமும் அளந்து ஒப்பிடுங்கள். ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் ஸ்பிரிங் பட்டை தட்டையாகியிருக்கும், அல்லது முறிந்திருக்கும். ஷாக்கிள் (பட்டையின் முனையைக் கோக்கும் இணைப்பு) போல்ட்டைக் கழற்றிப் பாருங்கள்: போல்ட்டைச் சுற்றியுள்ள நைலான் புஷ் கரைந்து, போல்ட்டில் பள்ளம் விழுந்து, துளை முட்டை வடிவமாகியிருந்தால் ஆக்சில் முன்னும் பின்னும் நகரும். கப்ளர் (இழுவை வண்டியோடு கோக்கும் முனை) மையத்திலிருந்து முன் ஆக்சிலின் இரு முனைக்கும் அளந்தால் 3 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது.

பட்டையை இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். வெண்கல புஷ்ஷும் கிரீஸ் போல்ட்டும் நீண்ட நாள் உழைக்கும். உயரம் கூட்ட, ஆக்சிலைப் பட்டைக்கு மேலிருந்து கீழே மாற்றலாம். ஆனால் ஆக்சிலைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டால் அதில் வேண்டுமென்றே கொடுத்திருக்கும் லேசான வளைவும் தலைகீழாகிவிடும். அதனால் திருப்பாமல், பட்டை உட்காரும் தகட்டை மறுபக்கம் புதிதாக வெல்டிங் செய்ய வேண்டும். அதைத் தேர்ந்த கைகளுக்கு விடுங்கள்.

வேலை முடிந்து 80 கிலோமீட்டர் ஓடியதும் வீல் நட்டை கையேட்டில் சொன்ன இறுக்கத்துக்குச் சரிபாருங்கள். புதுக் களிமண் ஒட்டி, முழுப் பாரத்தோடு இன்னொரு முறையும் ஓட்டிப் பாருங்கள்.